கடலிலே கன்று ஈனும் பனிக்கட்டியாறுகள்

நிலத்தை ஐவகையாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பூவையும் பறவையையும் தொழிலையும் வகுத்துத் தந்தவர்கள் நம் முன்னோர். மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் வறண்ட வெளிக்கும் அவர்கள் பெயர் வைத்தார்கள். உறைந்த நிலத்துக்குப் பெயர் வைக்கவேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. பனி என்பது அவர்களுக்கு மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளி. அந்த ஒரே சொல்லைக் கையில் ஏந்திக்கொண்டு இந்நாட்டுக்கு வந்த நாம், வாசலை அடைக்கும் வெண்பொடியையும், தெருவில் வழுக்கும் கண்ணாடித் தகட்டையும், வடகடலில் மிதக்கும் மலையையும் அதனாலேயே சுட்டிவருகிறோம். சொல் ஒன்று, அது சுமக்கும் பொருள்களோ பல.

எமது வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்கப்பட்டபோது, தமிழின் தொன்மை பற்றியும் தாய்மொழியின் சிறப்புப் பற்றியும் எழுத எம்மிலும் தகுதியானவர்கள் உளர் என எண்ணினோம். ஊரிலே நாம் புவியியல் படிப்பித்தவர். ஆகவே, கடலில் முடியும் பனிக்கட்டியாறுகள் எவ்வாறு பனிமலைகளை உதிர்க்கின்றன என்பதைப் பற்றி எழுதத் துணிந்தோம். தமிழில் சொல்லமுடியாத பாடம் ஒன்று உண்டு என்று எம் மாணவர் எவரும் நினைத்துவிடக்கூடாது என்பதும் எமது எண்ணத்தில் இருந்தது.

ஆண்டுதோறும் விழும் வெண்பனி கோடையில் முற்றாக உருகாமல் எஞ்சுமாயின், அதன்மேல் அடுத்த ஆண்டின் பனி விழும். மேலுள்ள பாரம் கீழுள்ளதை நெரித்து, இடையிலிருக்கும் காற்றை வெளியேற்றி, எஞ்சிய காற்றைச் சிறு குமிழ்களாகச் சிறைப்பிடித்து, பளிங்கு போன்ற கட்டியாக இறுக்கிவிடும். இவ்வாறு தடிப்பாக வளர்ந்த கட்டி, தன் பாரத்தாலேயே சரிவை நோக்கி நகரத் தொடங்குகிறது. கல்லைப் போல் இறுகியது ஆற்றைப் போல் ஊர்கிறது. இதனையே பனிக்கட்டியாறு என்று நாம் படித்தோம்; பின்னர் படிப்பித்தோம்.

நிலத்திலே முடியும் பனிக்கட்டியாறு உருகி ஓடையாகும். கடலிலே முடிவதோ உடைந்து விழும். இவ்வாறு உடைந்து விழுவதை ஆங்கிலத்தில் கால்விங் என்பர். கன்று ஈனுதல் என்பதே அதன் பொருள். எங்கள் ஊரிலே விடியற்காலையில் பட்டிப்பக்கமிருந்து, "மாடு கண்டு போட்டிட்டுது" என்று குரல் கேட்டால் வீடு முழுவதும் எழுந்து ஓடும். அதே சொல்லை வடதுருவத்துப் பனிக்கும் வழங்குகிறார்கள் என்று வகுப்பிலே சொன்னபோது, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அப்ப, கன்று போன பிறகு தாய் என்ன செய்யும், சேர்?" அக்கேள்விக்கு அன்று, "தாய் பின்னாலே வளர்ந்துகொண்டிருக்கும்" என்று விடை கூறினோம். அது பாதி விடை. மீதியை இக்கட்டுரையின் போக்கிலே கூறுவோம்.

பனிக்கட்டியாறு ஏன் உடைகிறது? காரணங்கள் பல ஒன்றுகூடுகின்றன. கடலை நெருங்கும்போது அதன் முன்பகுதி பின்பகுதியைக் காட்டிலும் விரைந்து நகர்கிறது. அதனால் உடல் இழுபட்டு, மேற்பரப்பில் ஆழ்ந்த வெடிப்புகள் திறக்கின்றன. கோடையில் உருகிய நீர் அவ்வெடிப்புகளில் நிரம்புமாயின், நீரின் பாரம் ஆப்புப் போல் இறங்கி வெடிப்பை மேலும் பிளக்கும். கீழே, பனியிலும் சற்று வெப்பமான உப்புநீர் முகப்பின் அடியை அரித்துக் குடைகிறது. அடி குடையப்பட்ட சுவர் முன்னே சரிகிறது. இன்னொரு வகையும் உண்டு. கட்டி மெலிந்து, நிலத்தில் ஊன்றி நிற்கும் பாரத்தை இழக்கும்போது, கடல் அதனை மேல்நோக்கித் தூக்குகிறது. தரையைப் பிடித்திருக்கவும் முடியாமல், மிதக்கவும் முடியாமல் வளைந்து, ஈற்றில் அடியோடு முறிகிறது. இவ்வாறு முறிந்த பெருங்கட்டி புரண்டு விழும்போது, உலகின் பல பாகங்களிலுமுள்ள நிலநடுக்கக் கருவிகள் அவ்வதிர்வைப் பதிவுசெய்வதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

கடல்நீரிலும் பனிக்கட்டியின் அடர்த்தி குறைவாதலால் அது மிதக்கிறது. ஆயினும் வேறுபாடு சிறிதே. பத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு மட்டும் வெளியே தெரிய, ஒன்பது பங்கு நீருக்குள் மறைந்திருக்கும். கிளிநொச்சி மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இதனை நாம் படிப்பித்த நாளில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து படித்த மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "தண்ணிக்குக் கீழ கிடக்கிறதுதான் சேர் ஆபத்து. எங்கட பாரும் அப்பிடித்தான்" என்றான். கடலுக்குள் மறைந்திருக்கும் கற்பாரில் வள்ளம் மோதுவதை அவன் அறிந்திருந்தான். பனியைக் கண்டறியாத பிள்ளை, கண்டறிந்தவரிலும் நன்றாக அப்பாடத்தை விளங்கிக்கொண்டான்.

இவ்வகைப் பனிக்கட்டியாறுகளுள் மிகப் பெயர்பெற்றது கிறீன்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள இலுலிசாற் நகருக்கு அண்மையில் உள்ளது. செர்மெக் குயாலெக் என்பது அதன் பெயர். யாக்கொப்ஷாவ்ன் என்ற பழைய பெயராலும் வழங்கும். அது கடலோடு சேரும் நீண்ட நுழைகழியை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2004 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. 2012 ஆம் ஆண்டுக் கோடையில் அது நாளொன்றுக்கு 40 மீற்றருக்கும் மேலாக நகர்ந்ததாக அளந்திருக்கிறார்கள். 2008 மே 28 ஆம் நாள் அங்கே காத்திருந்த படப்பிடிப்பாளர் இருவர், 75 நிமிடங்கள் தொடர்ந்த ஒரு கன்று ஈனலைப் படமாக்கினர். ஏழு கன கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பனி அந்நேரத்தில் உடைந்து, புரண்டு, கடலோடு கலந்தது. அப்படத்தை எமது மூத்த வகுப்பு மாணவர்களுக்குக் காட்டினோம். வழக்கமாகக் கைப்பேசியிலேயே கண்ணாயிருக்கும் பிள்ளைகள் அன்று அதனைத் தொடவில்லை.

எமது கனடாவும் இக்கதைக்குப் புறம்பானதன்று. எல்ஸ்மெயர் தீவிலும் டெவன் தீவிலும் கடலில் முடியும் பனிக்கட்டியாறுகள் பல உள. எல்ஸ்மெயரின் வடகரையில் கடல்மேல் விரிந்திருந்த மில்ன் பனித்தட்டு, 2020 யூலை இறுதியில் தன் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஓரிரு நாள்களில் இழந்தது. நாம் குடியிருக்கும் ரொறன்ரோவும் ஒருகாலத்தில் பெரும் பனிப்படலத்தின் கீழ்க் கிடந்த நிலமே. ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் அப்படலம் பின்வாங்கியபோது, கிழக்கே சென்ற் லோறன்ஸ் ஆற்றின் வழியை அது அடைத்து நின்றது. தேங்கிய நீர் இன்றைய ஒன்ராறியோ ஏரியிலும் உயர்ந்து நின்றது. அப்பழைய ஏரியை இரொகுவா என்பர். கசா லோமா மாளிகை நிற்கும் மேடு அதன் கரையே. ஸ்காபுறோவின் ஏரிக்கரைச் செங்குத்துப் பாறைகளோ, அதற்கும் முற்பட்ட காலங்களில் பனியும் ஏரிகளும் மாறிமாறி இட்டுச் சென்ற மண்ணடுக்குகள். ஞாயிறுதோறும் அங்கே உலாவச் செல்லும் எம்மவர் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இலுலிசாற்றில் உடையும் பனிமலை உடனே தெற்கே போவதில்லை. நுழைகழியின் வாயிலில் கடலடி மேடு ஒன்று உண்டு. பெரிய கட்டிகள் அதில் தட்டி நிற்கும். உருகிச் சிறுத்தோ, பின்னால் வருபவற்றால் தள்ளுண்டோதான் வெளியேறும். பின்பு நீரோட்டம் அவற்றை முதலில் வடக்கே கொண்டுசெல்லும். பபின் விரிகுடாவைச் சுற்றி, கனடாவின் கரையோரமாக லப்ரடோர் நீரோட்டத்தில் இறங்கி, நியூபவுண்லாந்தை அடைய ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை செல்லலாம். வழியிலேயே உருகி மறைபவையே மிகுதி. 1912 ஏப்ரல் 14 இரவு ரைற்றானிக் கப்பல் மோதிய பனிமலையும் கிறீன்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்திருக்கவேண்டும் என்பதே பெரும்பான்மையோர் கருத்து. ஏறக்குறைய 1,500 உயிர்கள் அவ்விபத்தில் மாண்டன. அதன் விளைவாக 1914 இல் சர்வதேசப் பனிமலைக் காவற்சேவை தொடங்கப்பட்டது. 48 ஆம் வட அகலக்கோட்டைத் தாண்டித் தெற்கே வரும் பனிமலைகளை அச்சேவை எண்ணிவருகிறது. 1984 இல் அவற்றின் தொகை 2,200 ஐத் தாண்டியது. 1966 இலும் 2006 இலும் ஒன்றேனும் வரவில்லை. ஓராண்டைப் பார்த்து அடுத்த ஆண்டைக் கணிக்கமுடியாது என்பதற்கு இது சான்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு யூன் மாதத்தில், எமது பள்ளிக் குடும்பங்கள் சிலவற்றுடன் நியூபவுண்லாந்துக்குச் சென்றோம். கனடாவின் கிழக்கு முனையாகிய கேப் ஸ்பியரில் நின்றபோது தொலைவிலே ஒரு பனிமலை தெரிந்தது. கண்டவுடன் எமக்குத் தோன்றியது கோயிற் கோபுரமும் அன்று, கப்பலும் அன்று. அந்த முல்லைத்தீவுப் பையனின் முகமே. பாடநூலின் மங்கலான கறுப்புப் படத்தைக் காட்டியே நாம் அவனுக்குப் பனிமலையைக் கற்பித்தோம். 2009 பங்குனிக்குப் பின் அவனைப் பற்றிய செய்தி எதுவும் எமக்குக் கிட்டவில்லை. கரையிலே ஒதுங்கிய கட்டி ஒன்றை எடுத்து நீரில் இட்டார் ஒரு முதியவர். நெடுங்காலமாகச் சிறைப்பட்டிருந்த காற்று, சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் பொரிந்து வெளியேறியது. பிள்ளைகள் காதை வைத்துக் கேட்டார்கள்.

அக்கடல் தமிழர்க்குப் புதியதன்று. 1986 ஓகஸ்ற் 11 ஆம் நாள், அத்தீவின் தென்முனையிலுள்ள சென்ற் ஷொட்ஸ் கிராமத்துக்கு அப்பால், மூடுபனியின் நடுவே, இரு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். ஜேர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலிலே இறக்கிவிட்டுப் போய்விட்டது. கஸ் டோல்ரன் என்னும் மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு, மற்றைய படகுகளையும் அழைத்துக் காப்பாற்றினார். அவர்கள் சென்ற் ஜோன்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் வாழத் தலைப்பட்டனர். பனிமலைகள் வருவதும் அக்கடல்வழியே, எம்மவர் வந்ததும் அக்கடல்வழியே என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒரு சிறுவன், "அவங்களுக்குக் குளிரேல்லையோ?" என்று கேட்டான். குளிர்ந்திருக்கும் என்றோம். வேறு சொல்ல இயலவில்லை.

இனி, அச்சிறுமியின் கேள்விக்கு வருவோம். தாய் என்ன செய்யும்? அலாஸ்காவிலுள்ள கொலம்பியா பனிக்கட்டியாறு இதற்கு விடை தருகிறது. அது நெடுங்காலம் தானே அரைத்துக் கொணர்ந்து குவித்த கல்லும் மண்ணுமான கடலடித் திடல் ஒன்றின்மேல் ஊன்றி நின்றது. அத்திடல் இருந்தவரை முகப்பு உறுதியாக இருந்தது. அதன் அருகாகவே வல்டீஸ் துறையின் எண்ணெய்க் கப்பல்கள் 1977 முதல் செல்லலாயின. ஆகையால் ஆய்வாளர் அதனைக் கூர்ந்து ஆராய்ந்து, விரைவில் பின்வாங்கும் என முன்னுரைத்தனர். 1980 அளவில் முகப்பு திடலை விட்டு வழுவியது. திடலுக்குப் பின்னே ஆழ்ந்த நீர். ஆழத்திலே நிற்கும் முகப்பு மேலும் விரைவாக உடையும், உடைந்தால் இன்னும் பின்னே செல்லும், பின்னேயும் ஆழம். இவ்வாறு அது 20 கிலோமீற்றருக்கும் மேலாகப் பின்வாங்கியது. 1989 மார்ச் 24 இல் எக்ஸொன் வல்டீஸ் கப்பல், அப்பனிக்கட்டியாறு உதிர்த்த கட்டிகளைத் தவிர்ப்பதற்காகவே வழக்கமான பாதையை விட்டு விலகியது. பின்னர் உரிய வேளையில் திரும்பாமல் பாறையில் ஏறி, ஏறக்குறைய 4 கோடி லீற்றர் எண்ணெயைக் கடலிற் கொட்டியது.

முதல் அடி பின்வைத்தபின் நிற்க இடம் கிடைப்பதில்லை என்பதை நாம் நூலிலிருந்து மட்டும் அறிந்தோமல்லோம். 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எமது பள்ளிக்கூடமும் இடம்பெயர்ந்தது. முதலில் ஒரு கோயில் மண்டபம், பின்னர் தறப்பாள் கொட்டில், பின்னர் மரநிழல். ஒவ்வோர் இடத்திலும் இதுவே கடைசி இடம் எனக் கரும்பலகையைச் சாத்திவைத்து, இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டோம். ஒவ்வொரு முறையும் இடாப்பிலே விடை வராத பெயர்கள் கூடின. தை மாதத்தில் கரும்பலகையையும் விட்டு நடந்தோம். பனிக்கட்டியாற்றுக்கு வலி இல்லை, மனிதருக்கு உண்டு. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கூறோம். ஆனால் ஊன்றி நிற்க ஒரு திடல் வேண்டும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொதுவானது.

மற்றோர் உண்மையும் உண்டு. பனிமலையை உதிர்ப்பது பனிக்கட்டியாற்றுக்கு நோயன்று. அது அதன் இயல்பு. மேலே விழும் பனி கீழே உடையும் பனிக்கு ஈடாக இருக்குமாயின், ஆயிரம் ஆண்டு உதிர்த்தாலும் அது குறையாது. மேல்வரவு குறைந்தாலோ கீழ்ச்செலவு மிஞ்சினாலோதான் மெலியும். வங்கிக் கணக்கை ஒத்தது இது. செர்மெக் குயாலெக் 1990களின் இறுதியில் வெப்பநீர் நுழைந்ததும் மெலிந்து விரைந்தது. 2016 அளவில் குளிர்ந்த நீர் வந்ததும் சில ஆண்டுகள் வேகம் தணிந்து மீண்டும் தடித்தது. அந்தச் சில ஆண்டுகள் அதனைக் காப்பாற்றிவிட்டன என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நிலை மாறினால் போக்கும் மாறும் என்பதை அது காட்டியது.

இதில் எமக்கு என்ன என்று கேட்போர் இருக்கலாம். வகுப்பிலே ஒரு சோதனை செய்தோம். கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டியை இட்டு விளிம்புவரை நீர் ஊற்றினோம். கட்டி உருகியது, ஒரு துளியும் வழியவில்லை. மிதப்பது உருகினால் நீர்மட்டம் உயராது. அடுத்து, விளிம்புவரை நீர் நிறைந்த குவளையில் வெளியிலிருந்த கட்டியை இட்டோம். உடனே மேசை நனைந்தது. நிலத்தின்மேல் இருந்த பனி கடலுக்குள் இறங்குவதே மட்டத்தை உயர்த்துகிறது. கிறீன்லாந்தின் பனி முழுவதும் கடலைச் சேருமாயின், உலகின் கடல்மட்டம் ஏறக்குறைய 7 மீற்றர் உயரும். அது பல நூற்றாண்டுகளில் நிகழக்கூடியது. ஆனால் சிறு பங்கே போதும்.

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. பெருந்திணிவான பனிப்படலம் தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பால் ஈர்த்துவைத்திருக்கிறது. படலம் குறைந்தால் அவ்வீர்ப்பும் குறையும். ஆகவே கிறீன்லாந்தின் பனி கரையும்போது அதன் கரையோரத்தில் கடல் தாழும்; தொலைவிலுள்ள வெப்பவலயக் கடல்களிலோ சராசரியிலும் கூடுதலாக உயரும். இலுலிசாற்றில் உடையும் கட்டியின் கணக்கு யாழ்ப்பாணத்தில் எழுதப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லில் ஊறிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் வில்லை போல் மிதந்து கிடக்கிறது. எமது கிணறுகள் அனைத்தும் அதனையே நம்பியவை. கடல் உயர உயர, உவர் உள்ளே வரும். தீவுப்பகுதியில் நன்னீர்க் கிணற்றுக்கு நடந்த தாய்மாருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளக்கவேண்டும். அவர்களுள் ஒருவர் நாளை கடலியலோ பனியியலோ கற்று, அப்பப்பாவின் கிணற்றைக் காக்கும் வழியைச் சொல்லக்கூடும்.

பெற்றோர்களே, உங்களிற் பலர் எம்மிடம் வந்து, "பிள்ளை எங்களை விட்டு விலகிப் போகுது, தமிழ் கரைஞ்சு போகுது" என்று வருந்துகிறீர்கள். பிள்ளைகள் விலகிச் செல்வதை எம்மாலும் உங்களாலும் தடுக்கமுடியாது. அது நோயுமன்று. எமது கையில் இருப்பது மேல்வரவு. வாரத்திலே இரண்டரை மணிநேரம் இந்த வகுப்பறையில் விழுவது சிறு பனியே. அது உருகாமல் எஞ்சவேண்டுமானால், மற்றைய ஆறு நாள்களும் வீட்டிலே சற்றுக் குளிர் வேண்டும். அதாவது, தமிழிலே ஒரு கேள்வி, தமிழிலே ஒரு விடை, இரவிலே ஒரு பக்கம் வாசிப்பு. இதற்குப் பெருஞ்செலவில்லை.

மாணவச் செல்வங்களே, அடுத்த ஆண்டு முதல் மூத்த வகுப்பில் புவியியற் பாடங்கள் சிலவற்றைத் தமிழிலேயே நடத்த எண்ணியுள்ளோம். இடாப்பு புதியது. பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" என்று உரக்கச் சொல்லுங்கள். அவ்வொலியை நாம் எவ்வளவு விரும்புகிறோம் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.